கேரவன் கணக்கு

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் முடித்த மாணவரிடம் 'மின்திறன் என்றால் என்ன?' என்று கேட்டால், மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கற்பலன் என்று உடனே சொல்லிவிடுவார். 'உன் வீட்டு மின்விசிறி எத்தனை வாட்?' என்று கேட்டால் விழிப்பார். இந்த இடைவெளியைக் குறைக்க நான் சில ஆண்டுகளாக ஒரு கணக்கைக் கொடுத்து வருகிறேன். வகுப்பில் அதற்குக் 'கேரவன் கணக்கு' என்று பெயர். மூன்று பாடவேளை போதும்.

படப்பிடிப்புகளில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் மாணவர்களுக்குத் தெரியும். அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் சாதாரணக் குடும்பங்களும் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டு வண்டியை இணைத்து இழுத்துச் செல்கின்றன. படுக்கை, சமையல் மேடை, குளிர்பெட்டி எல்லாம் அதில் இருக்கும். மின்கம்பமே இல்லாத காட்டோரத்தில் நிறுத்தி நாள்கணக்கில் தங்குவார்கள்.

கணக்கு இதுதான்: நான்கு பேர் கொண்ட குடும்பம் அப்படியொரு வண்டியில், நம் ஊர் வெயிலில் தங்குகிறது. மின் இணைப்பு இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. அவர்களுக்கு மின்சாரம் ஏற்பாடு செய்யுங்கள்.

முதலில் செலவு, பிறகு வரவு

எல்லாக் குழுக்களும் 'கூரை முழுக்க சோலார் பேனல் வைக்கலாம்' என்றே தொடங்கும். எத்தனை பேனல் என்று கேட்டால் பதில் வராது. செலவு தெரியாமல் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஆகவே ஒரு நாளைய செலவை முதலில் எழுதச் சொல்கிறேன். வாட் அளவை, ஓடும் மணி நேரத்தால் பெருக்க வேண்டும். கிடைப்பது வாட்-மணி.

9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, 5 மணி நேரம்: 135
30 வாட் சிக்கன மின்விசிறி ஒன்று, 10 மணி நேரம்: 300
கைப்பேசி இரண்டுக்கு சார்ஜ்: 30
50 வாட் மடிக்கணினி, 2 மணி நேரம்: 100
45 வாட் சிறு குளிர்பெட்டி, விட்டுவிட்டு ஓடுவதைச் சேர்த்தால் 10 மணி நேரம்: 450
60 வாட் தண்ணீர் பம்ப், கால் மணி நேரம்: 15

மொத்தம் 1030. ஒயரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதைச் சேர்த்து 1200 வாட்-மணி என்று வைத்துக்கொள்கிறோம். அதாவது 1.2 யூனிட். பழைய 75 வாட் மின்விசிறியை மாட்டினால் அது மட்டுமே 750 ஆகிவிடும். சிக்கனச் சாதனம் ஏன் தேவை என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

சேமிப்பும் வரவும்

1200 வாட்-மணியை 12 வோல்ட்டால் வகுத்தால் 100 ஆம்பியர்-மணி. ஆனால் காரீய-அமில பேட்டரியை அடிவரை காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். பாதியளவே பயன்படுத்துவது நல்லது. எனவே 200 ஆம்பியர்-மணி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். 125 போதும், எடையும் மிகக் குறைவு. விலைதான் அதிகம். இழுத்துச் செல்லும் வண்டியில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. நம் வீடுகளில் இன்வெர்ட்டருடன் இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே 50 கிலோவைத் தாண்டும்.

அடுத்தது வரவு. தமிழ்நாட்டில் ஒரு நாள் முழுதும் விழும் வெயிலைச் சேர்த்தால், உச்சி வெயில் சுமார் 5 மணி நேரம் அடித்ததற்குச் சமம். பேனல் சூடாவது, தூசி, சாய்வு என இழப்புகளுக்காக அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறோம். 1200-ஐ 5 × 0.75-ஆல் வகுத்தால் 320. எனவே 160 வாட் பேனல் இரண்டு. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் இருக்க வேண்டும். பேட்டரி நிரம்பியதும் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்துவதும், இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்கு மின்னோட்டம் திரும்பாமல் தடுப்பதும் அதன் வேலை.

இங்கே நான் கேட்கும் கேள்வி: 'மறுநாள் முழுதும் மழை பெய்தால்?' ஒரு குழு பேட்டரியை இரட்டிப்பாக்கும். இன்னொரு குழு குளிர்பெட்டியை நிறுத்திவிட்டு 450-ஐ மிச்சப்படுத்தும். இரண்டும் சரியான விடைகளே. காரணத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒயர் ஏன் தடிமனாக வேண்டும்?

கட்டாயம் ஒரு மாணவர் 'தேநீருக்கு மின்கெட்டில் வைக்கலாமா?' என்பார். 1500 வாட் கெட்டில் வீட்டில் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் எடுக்கும். அதே திறனைத் தர 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியர் பாய வேண்டும். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிடும். இத்தகைய வண்டிகளில் சமையலை எரிவாயுவுக்கு விடுவதன் காரணம் அப்போது புரியும்.

குறைந்த மின்னோட்டத்திலும் பிரச்சினை உண்டு. 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயரை 7 மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போகவும் வரவும் 14 மீட்டர். தாமிரத்தின் மின்தடை எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் மின்தடை ஏறக்குறைய 0.1 ஓம். அதில் 10 ஆம்பியர் பாய்ந்தால் 1 வோல்ட் குறையும். 230-இல் 1 போனால் தெரியாது. 12-இல் 1 என்பது 8 சதவீதத்துக்கும் மேல். அந்த இழப்பு 10 வாட் வெப்பமாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு என்ற ஜூல் விதியை இங்கே சேர்த்துவிடலாம். ஆய்வகத்தில் இரண்டு டார்ச் செல், ஒரு பல்பு, நைக்ரோம் கம்பி இருந்தால் போதும். கம்பியின் நீளத்தைக் கூட்டக் கூட்ட பல்பு மங்குவதை மாணவர்கள் கண்ணால் காண்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. '12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது' என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காமல் இருக்கலாம், தீப்பிடிக்கும். பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பேனர் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதனால்தான் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே பியூஸ் வைக்கிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது முதலில் ஒயரைத்தான். ஒயர் தாங்கும் அளவுக்கு மேற்பட்ட பியூஸ் இருந்தும் பயனில்லை. காரீய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமும் அவசியம்.

யாருக்கு உதவும்?

கேரவனில் பயணம் செய்யும் வாய்ப்பு நம் மாணவர்களில் பலருக்கு வராமல் போகலாம். ஆனால் மின்கம்பி அறுந்த ஊரில் இருக்கும் நிலை யாருக்கும் வரும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் பல நாள் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய நாளில் வீட்டிலுள்ள ஒரு பேட்டரியைக் கொண்டு விளக்கும் கைப்பேசியும் எத்தனை இரவு ஓடும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, குடும்பத்துக்குத் துணை. இன்வெர்ட்டர் வாங்கப் போகும் பெற்றோருடன் கடைக்குச் சென்று, 'எத்தனை ஆம்பியர்-மணி?' என்று கேட்கவும் அந்தப் பிள்ளையால் முடியும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதன் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். நான்கு, ஐந்தாம் வகுப்புக்குப் பெருக்கலும் கூட்டலும் போதும். பொருள்களின் மேல் ஒட்டியுள்ள வாட் எண்ணைப் பெரியவர் துணையுடன் படித்து எழுதி வரச் சொல்லுங்கள். பிளக்கைத் தொடவோ கழற்றவோ வேண்டாம் என்பதையும் சொல்லியனுப்புங்கள்.

மேல்வகுப்பு மாணவர்கள் கடைசியாக வீட்டு மின்கட்டண விவரத்தைக் கொண்டுவர வேண்டும். நம் கேரவன் குடும்பம் 60 நாளில் செலவிடுவது 72 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளுக்குள் அது அடங்கிவிடுகிறது. தங்கள் வீட்டு எண்ணை இதன் பக்கத்தில் எழுதி, வேறுபாடு எந்தச் சாதனத்தால் வந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.