நாள் தள்ளும் முன்பே தொடங்க வேண்டிய சுகர் கணக்கு

உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரு பெண் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் வீட்டார் செய்கிற முதல் காரியம், நர்ஸம்மாவிடம் பதிவு செய்வது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிறகு கர்ப்பிணிப் பதிவுக்கான 'பிக்மி' நம்பர். 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாய் தடங்கலில்லாமல் வரும் என்பதால், மாமியார்களே இதில் மும்முரமாக நிற்பார்கள். அரசின் கணக்கு அந்த நம்பரிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

பெரும்பாலான பெண்களுக்கு அது போதும். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் டைப் 1 சர்க்கரை நோயுள்ள பெண்ணுக்குப் போதாது. அவர் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம், கர்ப்பத்துக்கு ஆறு மாதம் முன்பு.

பொங்கலிலிருந்து எண்ணிப் பார்த்தால்

ஜனவரி 1 அன்று ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். 28 நாள் சுழற்சி என்றால் பொங்கலை ஒட்டிக் கரு உருவாகியிருக்கும். ஜனவரி 29-இல் வர வேண்டிய மாதவிலக்கு வராது. இரண்டு நாள் முன்பின் ஆகும் என்று வீட்டில் ஒரு வாரம் பொறுத்திருப்பார்கள். அந்த வாரம் முடிவதற்குள் கருவின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். பிப்ரவரி 12 வாக்கில், அதாவது கரு உருவான 28-ஆம் நாள் அளவில், பின்னாளில் மூளையும் தண்டுவடமுமாக மாறப்போகும் நரம்புக்குழாய் மூடிக்கொள்ளும். முக்கிய உறுப்புகளின் அடிப்படை வடிவம் மார்ச் இரண்டாம் வாரத்தில் அமைந்துவிடும். பதிவுக்கான 12 வாரக் கெடு முடிவதோ மார்ச் 26-இல்.

தாயின் ரத்தத்தில் இருக்கும் அதிகப்படிச் சர்க்கரை கருவைத் தாக்குவது இந்த வாரங்களில்தான். இதயத்திலும் தண்டுவடத்திலும் பிறவிக் குறைபாடு, கருச்சிதைவு ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. நாள் தள்ளியபின் சுகரைக் குறைக்க ஓடுவதும் வீணில்லை. குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதையும், பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை தாழ்ந்துபோவதையும் அது தடுக்க உதவும். உறுப்புகள் உருவாகும் கட்டம் மட்டும் அதற்குள் பெரும்பாலும் கடந்து போயிருக்கும்.

இது வேறு சுகர்

கர்ப்பகாலச் சர்க்கரை பற்றித் தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னை டாக்டர் வீ. சேஷய்யா பல பத்தாண்டுகள் அதற்காகவே உழைத்தார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பிறந்த மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க அனுசரிக்கப்படுகிறது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழ்நாடு அரசு 2007-லேயே ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று முடிவுகட்டும் முறை இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகிவிட்டது.

அந்தச் சோதனை, கர்ப்பத்தில் புதிதாக வரும் சர்க்கரையைக் கண்டுபிடிக்கத்தான். டைப் 1 அப்படிப்பட்டதல்ல. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தலைகாட்டும். இனிப்பு தின்றதால் வந்ததல்ல, மாத்திரையில் அடங்குவதுமல்ல. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே கீட்டோன் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டவர்களில் மட்டும் சுமார் 2.29 லட்சம் பேருக்கு டைப் 1 இருப்பதாகப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் மதிப்பிட்டது. ஆக, இந்த நோயுடன் கல்யாண வயதுக்கு வரும் பெண்கள் எந்த வட்டாரத்திலும் இருப்பார்கள்.

6.5 என்ற எண்ணும் ரத்தசோகையும்

கருத்தரிக்கும் முன் எட்ட வேண்டிய இலக்கு, ஜனங்கள் 'மூணு மாச சுகர்' என்று சொல்லும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது. அடிக்கடி லோ சுகர் ஆகாமல் அதை எட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கர்ப்பத்தைக் கண்டிப்பாகத் தள்ளிப்போடச் சொல்கிறது பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டுதல். 9-இல் இருப்பவர் 7.5-க்கு இறங்கினாலும் ஆபத்து குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 6.5 வரவில்லையே என்று மனம் ஒடிந்துபோகிறவர்கள் உண்டு.

இந்த எண்ணில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சி-யை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் எண்ணை நம்பவே முடியாது. எனவே லேப் சீட்டை மட்டும் பார்த்து ஊசி அளவைக் கூட்டுவது சரியல்ல. ஹீமோகுளோபினையும் பார்த்து, வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்த்த அளவுகள் எழுதிய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் 90 முதல் 126, மற்ற வேளைகளில் சாப்பாட்டுக்கு முன் 72 முதல் 126 என்பது கருத்தரிக்கும் முன்னான இலக்கு. கர்ப்பம் உறுதியானபின் இன்னும் இறுகும்: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே.

இதற்கு ஒரு நாளைக்கு நான்கு முதல் ஏழு முறை பார்க்க வேண்டியிருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கிடைத்தாலும், ஸ்ட்ரிப் செலவு பல குடும்பங்களுக்கு இடிக்கிறது. கையில் ஒட்டிக்கொண்டு சுகர் பார்க்கும் சென்சார் வாங்க வசதியில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. 2017-இல் 'லான்செட்' இதழில் வந்த 'கன்செப்ட்' ஆய்வில், சென்சார் அணிந்த டைப் 1 கர்ப்பிணிகளின் குழந்தைகளில் 27 சதவீதம் பேருக்குத்தான் ஒரு நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்பட்டது. அணியாதவர்களின் குழந்தைகளில் அது 43 சதவீதம். ஆனால் கருத்தரிக்கத் திட்டமிட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் அதே ஆய்வு சென்சாரால் தெளிவான பலன் எதையும் காணவில்லை. காசு சேர்த்து வைத்தால் கர்ப்பம் உறுதியானபின் அது உதவும். அதுவரை விரல் நுனியும் நோட்டும் போதும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

வீட்டு அலமாரியில் நடக்கும் ஒரு தவறு சீட்டில் தெரியாது. அரசு மருந்தகங்களில் தரும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. கடையில் கிடைத்ததை வாங்கி, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். சுகர் ஏறிக்கொண்டே இருக்கும், பெண் வாயைக் கட்டவில்லை என்று திட்டு விழும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம்: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 10 கோடு இழுத்தால் 25 யூனிட் போய்விடும். குப்பியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் இன்சுலின் கெட்டுப்போகும். பிரிக்காத குப்பிக்கு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு சரி. ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்ததைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண் பானையில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்னச் சட்டியில் குப்பியை வைத்து மூடி, மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால், திறந்து உபயோகத்தில் இருக்கும் குப்பியை வெயிலிலிருந்து காக்கலாம். திறந்த குப்பிக்கு ஏறத்தாழ நான்கு வாரம்தான் ஆயுள். திறந்த தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

காலையும் இரவும் கலங்கலான கலப்பு ஊசி ஒன்று என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து போட்டுவருபவர்களை, கருத்தரிக்கத் திட்டமிடும்போது டாக்டர்கள் பெரும்பாலும் நாலு ஊசிக்கு மாற்றுவார்கள்: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் ஒன்று, நாள் முழுக்க நிற்கும் ஊசி ஒன்று. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைக்குக் கம்பெனி பஸ் பிடிக்கும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று சாப்பாட்டு நேரமே புரளும்போது, கலப்பு ஊசியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

லோ சுகர் பயம்

கட்டுப்பாட்டை இறுக்கும்போது சுகர் தாழும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில், குமட்டலும் சேர்ந்துகொள்ள, இது இன்னும் அதிகம். கை நடுங்கி, வியர்த்து, மீட்டரில் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். முறுக்கும் சாக்லேட்டும் உதவாது. கொழுப்பு சேர்ந்த பண்டத்திலிருந்து சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். இது புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆடி வெள்ளி விரதத்தை டாக்டரைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

போகும்போது மாத்திரைப் பையையும்

கருத்தரிக்கும் முன் டாக்டரைப் பார்க்கப் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தரப்பட்ட எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவையும், கொழுப்புக்கான அடோர்வாஸ்டேட்டினும் கர்ப்பத்துக்கு ஆகாதவை. டாக்டர் மாற்று தருவார். தானாக நிறுத்தக் கூடாது. ஃபோலிக் ஆசிட்டை டைப் 1 பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே 12 வாரம் வரை தினமும் 5 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளப் பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். கண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும்: பல வருடம் உயர்ந்திருந்த சுகர் மளமளவென்று இறங்கும்போதும், கர்ப்பத்திலும் விழித்திரைக் கோளாறு கூடலாம். லேசர் தேவைப்பட்டால் முதலிலேயே முடித்துவிடலாம்.

சூனாம்பேடு காட்டிய வழி

இதற்கெல்லாம் சென்னைக்கா ஓடுவது? உத்திரமேரூர் அரசு மருத்துவமனையைத் தாண்டினால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, பிறகு சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி போகும்.

பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சூனாம்பேட்டில் (2019-இல் மாவட்டம் பிரிந்தபின் செங்கல்பட்டில்) 2006-இல் சர்க்கரை நோய் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பு பொருத்திய வேன் 42 கிராமங்களுக்குப் போனது. 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை நடந்தது. கண் படம் வேனிலிருந்து சென்னைக்குப் போய், அங்குள்ள டாக்டர் பார்த்தார். சிகிச்சையில் இருந்தவர்களின் சராசரி ஹெச்பிஏ1சி 9.3-இலிருந்து 8.5-க்கு இறங்கியது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. அது பெரும்பாலும் டைப் 2-க்கான திட்டம்; ஆனால் தூரத்தைச் சமாளிக்க முடியும் என்பதை இந்த மண்ணிலேயே காட்டியது. வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்சுலின் போடும் கல்யாண வயதுப் பெண்ணிடம் 'அடுத்த வருஷம் குழந்தை எண்ணம் இருக்கா?' என்ற கேள்வியையும் அவர்கள் கேட்டால், ஆறு மாத முன்தயாரிப்பு வாசலிலேயே தொடங்கும்.

மறைத்துச் செய்யும் கல்யாணம்

உண்மையில் தூரத்தைவிடப் பெரிய தடை மறைப்புதான். ஊசி போடும் பெண் என்று தெரிந்தால் வரன் அமையாது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். புகுந்த வீட்டில் குளியலறைக்குள் ஒளிந்து ஊசி போடும் பெண், மதிய ஊசியை விட்டுவிடுவாள். மூன்றாம் மாதமே 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்கத் தொடங்குவார்கள். சுகர் இறங்கும்வரை காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், ஆணுறை பயன்படுத்தலாம் என்றால் அதற்கான காரணத்தைக் கணவனிடமாவது சொல்லியாக வேண்டுமே.

மறைப்பு நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட மறு வருடம், 1922 ஆகஸ்டில், எலிசபெத் ஹ்யூஸ் என்ற சிறுமியை டொரன்டோவில் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பான்டிங்கிடம் கொண்டுவந்தபோது அவள் எடை 20 கிலோவைத்தான் தொட்டது. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். பிழைத்தாள், மணந்தாள், மூன்று பிள்ளைகள் பெற்றாள், 73 வயது வரை வாழ்ந்தாள். தனக்குச் சர்க்கரை இருந்ததை வெளியுலகுக்கு வாழ்நாள் முழுவதும் மறைத்தாள். கையில் குளுக்கோமீட்டர் இல்லாத காலத்திலேயே மூன்று பிள்ளைகள் என்பதைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

அவர்கள் அடுத்துக் கேட்பது, குழந்தைக்கும் வருமா என்பது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தரும் கணக்கு இது: டைப் 1 உள்ள பெண் 25 வயதுக்குமேல் பெற்றால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, அதற்கு முன் பெற்றால் 25-இல் ஒன்று. டைப் 1 தகப்பனுக்கு இருந்தால் 17-இல் ஒன்று. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டில் ஊசி உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை.