இடைக்கால நகரங்களைக் குடும்பத்தோடு காணச் செல்லுமாறு

பிறநாட்டுப் பயணம் முற்காலத்திற் செல்வர்க்கே வாய்த்தது. இன்றோ எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் ஐரோப்பாவில் வாழ்கின்றனர். அவரைக் காணச் செல்லும் பெற்றாரும் பிள்ளைகளும் அங்குள்ள இடைக்கால நகரங்களையும் பார்த்துவர விரும்புகின்றனர். அவ்விருப்பம் நன்று, ஆயின் ஆயத்தமின்றிச் செல்வோர் மதிலைக் காண்பரேயன்றி நகரைக் காணார்.

யாமே அவ்வாறு பிழைத்ததுண்டு. ஐந்து நாளில் ஐந்து நகரெனக் கணக்கிட்டுச் சென்றோம். வீடு திரும்பியபின், எழுபது வயதைக் கடந்த எம் தாயார், "தம்பி, அந்த உயரமான மணிக்கூண்டு எந்த ஊரிலை கண்டது?" என்று வினவினார். எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அப்பிழையினின்று யாம் கற்றவற்றை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, காணப்போகும் நகர் ஏன் பழமை மாறாது நின்றது என்பதை அறிந்து செல்லல் வேண்டும். பெல்ஜிய நாட்டுப் புரூஜ் நகரை எடுத்துக்கொள்வோம். 1134 ஆம் ஆண்டிற் பெரும் புயலொன்று கரையை உடைத்து, ஸ்வின் என்னும் கடற்கால்வாயைத் திறந்துவிட்டது. அதன் வழியே கப்பல் வணிகம் பெருகியது. ஆங்கில நாட்டுக் கம்பளி மயிரும் இத்தாலிய வணிகரின் பொன்னும் அங்கே கைமாறின. வணிகர் கூடிய சத்திரமொன்று வான் டெர் பேர்சே என்னுங் குடும்பத்தாருக்கு உரியது. பங்குச் சந்தையைக் குறிக்கும் 'பூர்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் அப்பெயரினின்று வந்தது என்பர். பின்னர் ஸ்வின் மணலால் தூர்ந்தது. 1500 ஆம் ஆண்டளவில் வணிகம் அன்ற்வேர்ப் நகருக்குப் பெயர்ந்தது. வறுமையுற்ற புரூஜ் மக்களிடம் பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டப் பொருளில்லை. அவ்வறுமையே நகரைக் காத்தது. 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

ஜேர்மனியின் றோத்தன்பேர்க் நகரும் அத்தகையதே. 1618 முதல் 1648 வரை நிகழ்ந்த முப்பதாண்டுப் போரின்பின் அது நலிந்து வளர்ச்சியற்றிருந்தமையால் அதன் மதில் தப்பியது. ஆயினும் அங்கே காண்பன யாவும் பழையன அல்ல. 1945 மார்ச் 31 இல் வீழ்ந்த குண்டுகள் நகரில் ஒரு பகுதியை அழித்தன. பல நாட்டாரும் ஈந்த பொருளால் மதில் மீளக் கட்டப்பட்டது. கொடையாளர் பெயர்கள் அதன் கற்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. கோயிற் கல்வெட்டுக்களை அறிந்த எம்மவர்க்கு இம்மரபு புதிதாகத் தோன்றாது.

இரண்டாவது, பத்திரங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுடையோர் ஷெங்கன் விசாப் பெறல் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னராயினும் விண்ணப்பித்தல் வேண்டும். பல நாடு செல்வோர், மிகுதியான நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பித்தல் விதி. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையலாகாது.

மூன்றாவது, ஓரூரில் நிலையாகத் தங்குதல். புரூஜில் மூன்றிரவு தங்குவோர், ஒரு நாட் காலையிற் புகையிரதமேறி அரைமணியளவிற் கெண்ட் நகரை அடைந்து, 1180 இற் கட்டப்பட்ட கிராவன்ஸ்டீன் கோட்டையைக் கண்டு மாலையில் மீளலாம். நாடோறும் பெட்டி சுமக்கும் துன்பமில்லை. புரூஜ் மணிக்கூண்டின் உயரம் 83 மீற்றர்; படிகள் 366; மேலே செல்லச் செல்ல வழி ஒடுங்கும். இளையோர் ஏறுக, முதியோர் கீழே சதுக்கத்தில் இளைப்பாறுக. தெருக்கள் கல் பாவியவை. ஆதலிற் காலுக்குப் பழகிய சப்பாத்தே அணிக. நண்பகலின்பின் ஓய்வு வேண்டும்.

நான்காவது, பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு வினாவைக் கொடுத்தனுப்புக. இந்நகர் எதனாற் செழித்தது? எதனாற் தளர்ந்தது? மதில் யாரைத் தடுக்க எழுந்தது? இரவு உணவின்போது அவரவர் கண்ட விடையைக் கூறுக. அவ்வூர் பின் மறவாது.

எம் தாயாரை மீண்டும் அழைத்துச் செல்லும் பேறு எமக்குக் கிட்டவில்லை. முதியோரோடு செல்லும் நெடும்பயணம் பெரும்பாலும் ஒருமுறையே வாய்ப்பது. ஆதலின் பழைய மாணவ அன்பர்காள், நகரங்களைக் குறைத்து நாட்களைக் கூட்டுக. கண்டது ஒன்றாயினும் அதனை எல்லோரும் ஒருங்கே காண்க.