உங்களுக்குத் தெரியுமா? எலிகள் சொன்ன செல்போன் சேதி

அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம், தினமும் 9 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் எலிகளின் உடல் முழுக்க செல்போன் அலைகளைப் பாய்ச்சியது. 2018-இல் முடிவு வந்தது. அதிக அலை பட்ட ஆண் எலிகளில் சிலவற்றின் இதயத்தில் கட்டிகள்! பலரைக் கலங்கவைத்த சேதிதான். ஆனால் அதே ஆய்வில், அலை படாத ஆண் எலிகளைவிட அலை பட்டவையே அதிக நாள் வாழ்ந்தன.

அளவையும் பார்க்க வேண்டும். எலிகளுக்குத் தந்த உச்சம், முழு உடலுக்கும் கிலோவுக்கு 6 வாட். இந்தியாவில் போனுக்கு அனுமதித்த வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், அதுவும் ஒரு கிராம் திசுவில் அளப்பது.

உங்கள் போனில் *#07# அழுத்திப் பாருங்கள்; பல போன்களில் அந்தப் போனுக்கான இந்த அலை அளவு திரையில் வரும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் தவிக்கும்போது போன் கூடுதல் சக்தியோடு அலையை அனுப்பும். அப்போது இயர்போன் மாட்டிக்கொண்டால் தலையில் படுவது வெகுவாகக் குறையும்.