குரல் நரம்புக்குக் காவல்

இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க வைத்தியர், கற்றோர் நிறைந்த சபையிலே, வீரிட்டுக்கொண்டிருந்த பன்றியொன்றின் கழுத்திலுள்ள மெல்லிய நரம்புகளை நூலால் கட்டியதும் அதன் ஓலம் அடங்கிற்று. கட்டை அவிழ்த்ததும் மீண்டது. பன்றியின் பாடு எப்படியிருப்பினும், குரல் இதயத்திலிருந்து எழுவதாக நம்பியிருந்த பண்டிதர்களுக்கு, அது மூளையின் ஆணைக்குக் கட்டுப்பட்டதென்று பிரத்தியட்சமாய் விளங்கிற்று.

மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளையாகிய இந்தக் குரல் நரம்பு, குரல்வளைக்கு நேரே செல்லாமல், இடப்புறம் மார்புக்குள் இறங்கி மகாதமனியின் வளைவையும், வலப்புறம் கைக்குச் செல்லும் தமனியையும் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறி, தைராய்டு சுரப்பியின் பின்புறத்தை உரசினாற்போலச் சென்று தன் இடத்தை அடைகிறது. ஆதலால் தைராய்டை அகற்றும் ரண சிகிச்சையில் இதற்கு அபாயம் உண்டு: ஒருபக்க நரம்பு கெட்டால் குரல் கம்மும், இருபுறமும் கெட்டாலோ குரல்நாண்கள் விலகமாட்டாமல் மூச்சே அடைபட்டு, கழுத்தில் துளையிட நேரலாம்.

நரம்புக்கு அஞ்சி ஒதுங்குவதைவிட அதைத் தேடிக் கண்டு காப்பதே மேல் என்று 1938இல் பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ராங்க் லேஹி வற்புறுத்திய முறையே இன்றும் அடிப்படை. ஆயினும் கண் காண்பது நரம்பின் உருவத்தை மட்டுமே. சேதங்களில் பெரும்பாலானவை வெட்டினால் அல்ல, சுரப்பியைத் தூக்கும்போது நேரும் இழுவையினால் விளைவதால், பார்வைக்குப் பழுதற்ற நரம்பு செயலிழந்து கிடக்கக்கூடும்.

அதைக் கண்டறியவே, மயக்கத்திலுள்ள நோயாளியின் மூச்சுக்குழாயில் செலுத்தும் குழலில், குரல்நாண்களைத் தொடும்படி மின்முனைகள் பதிக்கப்படுகின்றன. மருத்துவர் மெல்லிய கம்பியால் ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை நரம்பில் பாய்ச்சினால், குரல்வளைத் தசை துடித்து, அத்துடிப்பு திரையில் அலையாக எழும், ஒலியும் கேட்கும். முதலில் நன்றாக எழுந்த அலை பின்னர் 100 மைக்ரோ வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் நரம்பு நலிந்ததென்று சந்தேகிக்கிறார்கள். உடனே முடிவுகட்டுவதும் தகாது: குழல் சற்றே திரும்பிப் போயிருக்கலாம்; தசைகளைத் தளர்த்தும் மருந்தின் வீரியம் தணியாதிருக்கலாம்; ஆகவே மயக்க மருத்துவரின் ஒத்துழைப்பின்றி இக்கருவி வெறும் அலங்காரமே.

வேகஸ் நரம்பிலேயே மின்முனையைப் பொருத்தி இடைவிடாமல் கண்காணிக்கும் முறையும் வந்துள்ளது. அலையின் உயரம் பாதியாகக் குறைந்து, அது தோன்றும் நேரமும் பத்தில் ஒரு பங்கு தாமதமானால் எச்சரிக்கை கிட்டும். அப்போதே இழுவையைத் தளர்த்தினால் நரம்பு தேறிவிடுவதுண்டு. வெட்டுண்ட நரம்புக்கு இந்த எச்சரிக்கையால் பயனில்லை.

கண்ணால் நரம்பைக் காப்பதைவிடக் கருவி நிரந்தர வாதத்தை வெகுவாகக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாகப் பேசவில்லை. எனக்குத் தோன்றுவது, அதன் மெய்யான உபகாரம் வேறிடத்தில் இருக்கிறது என்பதே. சுரப்பியின் ஒருபுறத்தை அகற்றியதும் அப்பக்கத்து அலை அவிந்துபோனால், மறுபுறத்தைத் தொடாமல் காயத்தைத் தைத்து, குரல்நாண் மீண்டும் அசைவதை உள்நோக்கிக் கருவியால் பார்த்தறிந்த பின்னரே இரண்டாம் சிகிச்சையை மேற்கொள்ளலாம். இருபுற வாதமென்னும் பேராபத்து அவ்வாறு விலகும். பாதிப் பணியில் திரும்புவது மருத்துவருக்கு எளிதன்று. புற்றுநோயோடு காத்திருக்கும் நோயாளிக்கோ அதனினும் கடினம். ஆதலால் இப்படியும் நேரலாம் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லி, அவர் சம்மதத்தைப் பெற்றிருப்பது அவசியமாகிறது.