பழவேற்காடு ஏரி: இரு மாநிலத்து உப்பங்கழி

வங்கக் கடலுக்கும் இந்த நீருக்கும் நடுவே நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. அதன் மறுகரையிலிருந்துதான் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுவே. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்குப் பகுதியும் கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரமும் தமிழ்நாட்டில்.

ஆழம் குறைவு; பல இடங்களில் இடுப்பளவுகூட வராது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல்நீர் வரத்து நின்றுபோகும். இறாலும் நண்டும் குறையும். மாநில எல்லையைவிட மீனவர் கவலைப்படுவது இந்த மணல்மேட்டைப் பற்றித்தான்.

யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது? அதற்கு இங்கே ‘பாடு’ முறை உண்டு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல் முறைவைத்து மாறும்.

குளிர்காலத்தில் பூநாரைகள் வரும்.

1613இல் டச்சுக்காரர் இக்கரையில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிய துறைமுகம் இது, அதை மறைப்பதற்கில்லை. கோட்டை இடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது, வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களுடன்.

அங்குள்ள கல்லறைக் கல்வெட்டுகளின் மேல் ஏறவோ பெயர் கிறுக்கவோ வேண்டாம்.