கிலோ நாற்பது ரூபாய்க்கு எவ்வளவு தண்ணீர்?

துரித உணவகத்தில் ஒரு நடுத்தரப் பொட்டலம் பிரெஞ்சு ஃப்ரைஸ் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கு கிலோ 40 ரூபாய். பல்பொருள் அங்காடியின் உறைபெட்டியில் இருக்கும் நறுக்கிய ஃப்ரைஸ் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.) பார்த்தவுடன் மனம் சொல்லும்: உறைந்த பாக்கெட் ஐந்து மடங்கு கொள்ளை, வீட்டில் கிழங்கு வாங்கிப் பொரித்தால் காசே ஆகாது. இப்படிக் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவதில் ஒரு பெரிய பிசகு இருக்கிறது. நாம் ஒப்பிடும் பொருள்களில் உள்ள தண்ணீரின் அளவு ஒன்றல்ல.

பச்சை உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். மீதி 20 சதவீதத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. பொரித்து எடுத்த ஃப்ரைஸில் தண்ணீர் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதன் இடத்தில் சுமார் 15 சதவீதம் எண்ணெய் வந்து சேர்கிறது. ஆகவே தோல் சீவிய 1 கிலோ கிழங்கு, தட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 425 கிராம்தான். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸின் நடுத்தரப் பொட்டலம் சுமார் 117 கிராம் எடை. அந்த அளவை வீட்டில் எட்ட, தோல் கழிவையும் சேர்த்து 320 கிராம் கிழங்கு வேண்டும். விலை 13 ரூபாய்.

உறைந்த பாக்கெட்டுக்கும் இதே அளவுகோலைப் போடுங்கள். ஆலையிலேயே வெந்நீரில் வாட்டி, உலர்த்தி, அரைவாசி பொரித்துத்தான் உறைய வைக்கிறார்கள். அதனால் அதில் எண்ணெய் நீங்கலான திடப்பொருள் 28 சதவீதம் வரை இருக்கும். அப்படியானால் 1 கிலோ பாக்கெட், கடையில் வாங்கும் 1.6 கிலோ கிழங்குக்குச் சமம். ஐந்து மடங்கு என்று தோன்றிய வித்தியாசம் மூன்று மடங்காகக் குறைகிறது. அப்போதும் விலை கூடுதல்தான். ஆனால் சீவுவது, நறுக்குவது, ஒரு முறை பொரிப்பது என்ற உழைப்புக்கும் சேர்த்தே அந்தப் பணம் போகிறது.

பச்சைக் கிழங்குகளுக்குள்ளேயும் இதே வேறுபாடு உண்டு. என்னைக் கேட்டால் நுகர்வோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஒரு கிழங்கில் திடப்பொருள் 16 சதவீதம் இருக்கும், இன்னொன்றில் 21 சதவீதம் இருக்கும். முதலாவது 32 ரூபாய்க்கும் இரண்டாவது 42 ரூபாய்க்கும் கிடைத்தால், தட்டில் விழும் ஃப்ரைஸின் அளவுப்படி இரண்டும் ஒரே விலை. நீர்க்கிழங்கு மேலதிக எண்ணெயையும் குடிக்கும், சீக்கிரம் துவண்டும் போகும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் குஃப்ரி சிப்சோனா, குஃப்ரி ஃப்ரைசோனா போன்ற ரகங்களை உருவாக்கியதே இதற்காகத்தான்: திடப்பொருள் கூடுதலாகவும் சர்க்கரை குறைவாகவும் இருக்க வேண்டும்.

ரகம் தெரியாமல் சந்தையில் நிற்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரையுங்கள். அந்தக் கரைசலின் அடர்த்தி தண்ணீரைவிட ஏறக்குறைய 8 சதவீதம் அதிகம். திடப்பொருள் 20 சதவீதம் உள்ள கிழங்கின் அடர்த்தியும் அதுவே. வாங்கிய கிழங்கைக் கழுவிப் போடுங்கள். மூழ்கினால் பொரிக்க ஏற்றது. மிதந்தால் குழம்புக்கும் மசாலாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் சேமித்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. அதைப் பொரித்தால் உள்ளே வேகுமுன் வெளியே கருத்துவிடும். அந்தச் சர்க்கரையும் கிழங்கில் உள்ள அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து அக்ரிலமைடு உண்டாகிறது. புற்றுநோய் ஐயத்துக்கு உள்ளான இந்தப் பொருள் பொரித்த கிழங்கில் இருப்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். மலிவு என்று மூட்டையாக வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கினால் இதே மாற்றம் நம் வீட்டிலும் நடக்கும்.

இனி எண்ணெய். ஒரு பொட்டலம் அளவு ஃப்ரைஸ் உறிஞ்சுவது 18 கிராம் போல. லிட்டர் 150 ரூபாய் என்றால் இது 3 ரூபாய். எரிவாயு அதைவிடக் குறைவு. 1 கிராம் கொதிநீரை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். கிழங்கிலிருந்து வெளியேறும் 175 கிராம் தண்ணீருக்கும் எண்ணெயைச் சூடேற்றுவதற்கும் அடுப்பில் வீணாவதற்கும் சேர்த்துப் பார்த்தாலும் 30 கிராம் எரிவாயு போதும். சிலிண்டர் 870 ரூபாய் என்றால் இதன் விலை 2 ரூபாய். கிழங்கு, எண்ணெய், எரிவாயு மூன்றும் சேர்ந்து 18 ரூபாய்.

இந்த 18 ரூபாயைச் சொல்லித்தான் பலரும் மகிழ்கிறார்கள். கடாயில் மிச்சம் நிற்கும் எண்ணெயை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 1 லிட்டர் ஊற்றி, ஒருவருக்குப் பொரித்து, மீதியைக் கொட்டினால் செலவு 165 ரூபாய். உணவகமே மலிவு! மீதியைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதும் தீர்வல்ல. பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் துருவச் சேர்மங்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது.

எனவே வாய் குறுகிய சிறு பாத்திரத்தில் அரை லிட்டர் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுங்கள். எடுத்தவுடன் நன்றாக உதறுங்கள். எண்ணெயின் பெரும்பகுதி கிழங்குக்குள் போவது பொரியும்போது அல்ல, வெளியே எடுத்தபின் உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து மேற்பரப்பு எண்ணெயை இழுக்கும்போதுதான். மிச்சத்தை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கச் செலவழித்துவிடுங்கள்.

நான்கு பேருக்குச் செய்தால் கிழங்கு 52 ரூபாய், எரிவாயு 5 ரூபாய். 1 லிட்டர் எண்ணெயின் முழு விலையையும் இதில் ஏற்றினாலும் ஆளுக்கு 52 ரூபாயைத் தாண்டாது, அதாவது உணவக விலையில் பாதி. ஒரே ஒருவருக்கு ஆசை வந்தால், எண்ணெயைப் பிறகு செலவழிக்க வழியும் இல்லையென்றால், கடையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்வதே சிக்கனம்.