வாய்மொழித் தேர்வு: பாட்டி ‘சும்மா’ இருந்தாரா?

‘அக்கால வாழ்க்கை’ பற்றிக் கேட்டால் மாணவர் பலர், “அப்போ அம்மாக்கள் வீட்ல சும்மாதான் இருந்தாங்க” என்று முடித்துவிடுகிறார்கள். உரையாடல் அங்கேயே நின்றுவிடுகிறது.

1950களின் கம்பத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் குழாய் கிடையாது. இளம் தாய் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்தார், விறகு அல்லது மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்தார், அம்மியில் அரைத்தார், துணியைக் கையால் துவைத்தார். இடையில் தூளியையும் ஆட்டினார். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் உருவானது. 1973இல் நம் ஆங் மோ கியோ நகரைக் கட்டத் தொடங்கினார்கள். அடுக்குமாடி வீட்டில் குழாயும் மின்சாரமும் கிடைத்தன, சுமை குறைந்தது. ஆனால், பழகிய அண்டை வீட்டார் பலர் வெவ்வேறு புளோக்குகளுக்குப் பிரிந்தனர். பிள்ளையை யாரிடம் விடுவது?

எனவே பதிலில் மூன்றைச் சொல்லுங்கள்: செய்த வேலை, வந்த மாற்றம், இழந்த துணை. சொந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? “பாட்டி, அப்போ தண்ணி எங்கேருந்து வரும்?” என்று வீட்டில் கேளுங்கள். என் மாணவி ஒருத்தி கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: “பாட்டி ஒரு மணி நேரம் பேசினாங்க, டீச்சர். இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையாம்.”